நாலாம் நம்பர் விளக்கு

எங்கள் ஜெப மண்டபத்தில் விளக்குப் போடுகிறவரை எல்லோரும் 'எண்பது' என்றுதான் சொல்வார்கள். வயது எண்பது என்று எண்ணிக்கொண்டு, புதிதாக வருகிறவர்கள் அவரைக் கைத்தாங்கலாகப் படியேற்றப் போவதுண்டு. வயதெல்லாம் ஐம்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும், அவ்வளவுதான். எந்த விளக்கையும் எண்பது சதவீதத்துக்கு மேல் எரியவிட மாட்டார் என்பதால் வந்த பெயர் அது. "நூறு குடுத்தா விளக்கும் சீக்கிரம் போயிடும், பாக்கிறவன் கண்ணும் போயிடும்" என்பார். மனிதர்களிடமும் அதே கணக்குத்தான். யாரையும் எண்பதுக்கு மேல் நம்பியதில்லை. சிலருக்கு நாற்பதுகூடத் தேறாது.

நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டு வரிகளைத் திரையில் போடுகிறவள். அதனால் எனக்கு 'வரி அக்கா' என்று பெயர். வருமான வரி அலுவலகத்து ஆள் என்று நினைத்து, ரொம்ப நாள் என் கண்ணில் படாமலே வந்து போன வியாபாரி ஒருவரும் சபையில் உண்டு. மண்டபத்தின் பின்சுவரை ஒட்டிப் பலகையால் கொஞ்சம் உயர்த்திய இடம் எங்களுடையது. இடது பக்கம் விளக்கு மேசை, அங்கே எண்பது அண்ணன். வலது பக்கம் ஒலி மேசை, அங்கே அவருடைய மச்சினன், அதாவது அவர் மனைவியின் கூடப் பிறந்த தம்பி. நடுவில் நான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சும்மாவா சொன்னார்கள்.

மண்டபம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முன்பு கட்டிலும் பீரோவும் அடுக்கி வைத்திருந்த கிடங்கு அது. கூரைக்குக் கீழே குறுக்காக ஓடும் இரும்புக் குழாய்களில் விளக்குகள் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். எந்தப் பாட்டுக்கு எந்த விளக்கு, என்ன நிறம், எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நிதானமாக ஏற வேண்டும் என்றெல்லாம் அண்ணன் சனிக்கிழமையே மேசையில் பதிந்து வைத்துவிடுவார். அப்படிப் பதிந்து வைத்த ஒவ்வொன்றும் ஒரு கியூ. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நேரம் பார்த்துப் பொத்தானைத் தட்டினால் அடுத்த கியூ வரும். நீலம் மெல்ல மஞ்சளாக மாறும்போது சபையார் சிலர் அழுதுவிடுவார்கள். அந்த நேரத்தில் ஆவியானவர் இறங்கினார் என்று சாட்சி சொன்னவர்களும் உண்டு. அண்ணன் சிரிக்கவும் மாட்டார், மறுக்கவும் மாட்டார். "இறங்கினது முப்பத்தாறாம் கியூ" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுப்பார்.

பதிவதைவிடத் தட்டுகிற நேரம்தான் வித்தை. எங்கள் போதகர் "கடைசியாக ஒரு வார்த்தை" என்று சொன்னதும், விவரம் தெரியாதவன் அடுத்த கியூவைத் தட்டிவிடுவான். அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகுதான் போதகருக்குப் பிரசங்கமே சூடு பிடிக்கும். அண்ணன் அந்த வார்த்தையைக் காதிலேயே வாங்க மாட்டார். போதகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடக்க வேண்டும், அப்போதுதான் பேச்சு முடிந்ததாக ஒத்துக்கொள்வார். கிட்டார்க்காரர் தோள்வாரை இழுத்துவிட்டால் பாட்டு ஆரம்பம். "வாயை நம்பக் கூடாதும்மா, கையைப் பாக்கணும். கை பொய் சொல்லாது" என்பார். அவர் தட்டி ஒருநாளும் தவறியதில்லை, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்தச் சந்தேகம் அவருக்குக் கூடவே பிறந்ததா, இடையில் வந்து ஒட்டியதா என்று தெரியவில்லை. முன்பு நாடகங்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் விளக்குக் கட்டிக்கொண்டிருந்தவர். ஒருமுறை ஏணியிலிருந்து விழுந்து முட்டி பெயர்ந்தது. ஏணியின் ஒரு கால் ஈரத்தில் வழுக்கியது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். யாரோ ஆட்டிவிட்டார்கள் என்று அவர் சொல்கிறார். யார் என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ஆளைச் சொல்வார். அதிலிருந்து அவர் ஏணி ஏறுவதில்லை. விளக்கைத் திருப்ப, துடைக்க, மாற்ற எல்லாவற்றுக்கும் மச்சினன்தான் ஏற வேண்டும். அவனை இந்த வேலைக்குக் கூட்டி வந்தவரும் இவர்தான். வேலை பார்த்த கடை மூடிப்போய் அவன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, "ஒலி கத்துக்க மாப்ள, நான் பாத்துக்கறேன்" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் அண்ணி என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி பாடகர் குழுவில் வரிசையின் இடது ஓரத்தில் நிற்பார். அந்த ஓரத்துக்கு நேர் எதிரே தொங்குவது நாலாம் நம்பர் விளக்கு. பெண்கள் பக்கத்துக்கான விளக்கு என்று பெயர். ஆனால் அது யார் முகத்தில் விழுகிறது என்று மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். மற்ற விளக்குகளைப் பதிந்த பிறகு நாலாம் நம்பரை மட்டும் மூன்று தடவை சரி பார்ப்பார். கொஞ்சம் மஞ்சள் சேர்ப்பார், குறைப்பார், எட்டிப் பார்ப்பார். இந்த வயதில் இது கொஞ்சம் அதிகம்தான் என்று எனக்குத் தோன்றும். பார்க்க நன்றாகவும் இருக்கும்.

அவர்கள் வீட்டுக்கு நான் போனதுண்டு. கூடத்தில் ஒரே ஒரு விளக்கு, அதுவும் அழுது வடியும். ஊருக்கெல்லாம் வெளிச்சம் போடுகிறவர் வீட்டில் இப்படியா என்று கேட்டேன். "வாரம் பூரா வெளிச்சத்தையே பாத்தாச்சு, வீட்டுலயாவது கண்ணுக்கு ஓய்வு வேணாமா" என்றார். சாப்பிடும்போது போனில் எந்த ஊரிலோ எந்த மேடையிலோ எரிகிற விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி அடுப்படியிலிருந்து ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் எல்லாவற்றுக்கும் "ம்" என்றார். நடுவில் அண்ணி, "வீட்டுல யானை நுழைஞ்சிருக்கு" என்றார் என்னைப் பார்த்துக் கண்ணடித்து. அதற்கும் "ம்" வந்தது. நாங்கள் இருவரும் சிரித்தோம். அவர் போனைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

பிரச்சினை ஒரு பேச்சில் ஆரம்பித்தது. கமிட்டியார் புது மேசை வாங்கப் போகிறார்கள், அதில் விளக்கையும் ஒலியையும் ஒரே ஆள் பார்த்துக்கொள்ளலாமாம் என்று போதகர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். சொன்னவர் மறந்திருப்பார். கேட்டவர் மறப்பாரா? அன்று மாலையே அண்ணன் என் காதருகில் வந்து, "ரெண்டு பேர்ல ஒருத்தர் போகணும்னா யார் போவாங்க? முட்டி போனவனா, ஏணி ஏறுறவனா?" என்றார்.

"நீங்க இல்லாம கியூ யார் போடுவாங்க?"

"அதத்தான் அவன் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கானே."

அதற்குப் பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே நாலாம் நம்பர் மங்கியது. மேசையில் எண்பது என்றுதான் காட்டியது. அண்ணியின் முகத்தில் மட்டும் நிழல். பக்கத்தில் நிற்கிற பெண்ணின் முகம் பளிச்சென்று இருந்ததால் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. அண்ணன் திரையைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், பிறகு என் தலைக்கு மேலாக மச்சினனைப் பார்த்தார். அவன் ஒலிப் பொத்தான்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும், "மேல ஏறிப் பாரு மாப்ள" என்றார்.

மச்சினன் ஏறினான், எதையோ தட்டினான், இறங்கினான். "பாத்துட்டேன் அத்தான். மேல ஒண்ணும் கோளாறு இல்ல" என்றான். சொல்லும்போது தரையைப் பார்த்துச் சொன்னான். நானும் அதைக் கவனித்தேன்.

அப்புறம் ஆரம்பித்தது துப்பறியும் வேலை. மேசையின் பாஸ்வேர்டை மாற்றினார். ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக மாற்றியதில் அடுத்த சனிக்கிழமை தானே உள்ளே போக முடியாமல் அரை நாள் மேசையைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். பிறகு பொத்தான்கள் மேல் முகப்பவுடரை லேசாகத் தூவிவிட்டுப் போனார். ஞாயிறு காலை வந்து பார்த்தால் பவுடரில் விரல் தடம். முகம் மலர்ந்தது அவருக்கு. அந்தத் தடம் என்னுடையது. தூசி படிந்திருக்கிறதே என்று நான்தான் துணியால் துடைக்கப் போனேன். என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீயுமா?" என்றார்.

"ஆமா. எனக்கும் விளக்கு மேசை மேல ரொம்ப நாளா ஆசை" என்றேன். எனக்கு வந்த கோபத்துக்கு அதுவே குறைவு. அவர் அதை ஒரு வாக்குமூலமாகவே எடுத்துக்கொண்டாரோ என்னவோ, அன்று முழுவதும் மேசையைக் கையால் மறைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

நாலாம் நம்பர் மட்டும் மங்கலாகவே இருந்தது. அண்ணன் அண்ணியிடமே கேட்டிருக்கிறார். "எனக்கு வெளிச்சம் கண்ணு கூசுது, இப்படியே இருந்தா நல்லாத்தான் இருக்கு" என்று அண்ணி சொன்னாராம். "பாத்தியா, தம்பிய விட்டுக்குடுக்கிறாளா பாரு" என்று என்னிடம் வந்து முறையிட்டார்.

அவர் புலம்பலை நான் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்திருப்பேன். ஆனால் ஒரு சனிக்கிழமை ஒத்திகை முடிந்ததும், பாடகர்களின் வெள்ளை அங்கிகள் தொங்குகிற திரைக்குப் பின்னால் ஒரு பேச்சு என் காதில் விழுந்துவிட்டது.

"அவருக்கு மட்டும் தெரியக் கூடாதுடா." அண்ணியின் குரல்.

"எத்தனை நாளைக்குக்கா மறைக்க முடியும்?" தம்பியின் குரல்.

"முடிஞ்ச மட்டும்."

நான் இருமினேன். இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அண்ணி அங்கியின் கைக்குள் கையை இழுத்துக்கொண்டு, "வரி, இன்னைக்கு மூணாவது பாட்டுல ரெண்டு வரி தப்பா போட்டியே" என்று பேச்சை மாற்றினார். நான் தப்பாகப் போடவே இல்லை.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு அதே யோசனை. தம்பிக்கு வேலை வேண்டும் என்று புருஷனைக் கவிழ்க்கப் பார்க்கிறாரா இந்த அண்ணி? பார்த்தால் பரம சாது மாதிரி இருக்கிறாரே. பாட்டுப் புத்தகத்தைக்கூடக் கொஞ்ச நாளாகக் கையில் பிடிப்பதில்லை. எல்லாம் மனப்பாடம் என்று கையை இறுகக் கோத்துக்கொண்டு நிற்கிறார். அது வேறு எனக்குத் திமிராகப் பட்டது. சந்தேகம் ஜலதோஷம் மாதிரிதான். பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் கேட்டதை அண்ணனிடம் சொல்லவில்லை. எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவானேன்.

ஊற்றாமலே அது நன்றாக எரிந்தது. அண்ணன் போதகரிடம் போய்விட்டார். மச்சினன் வேண்டுமென்றே விளக்கைக் கெடுக்கிறான், தன்னைக் கையாலாகாதவனாகக் காட்டி இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறான், அவனை அனுப்பிவிட வேண்டும் என்று சொன்னார். போதகர் பொறுமைசாலி. "உங்க வீட்டு ஆளாச்சே, வீட்டுலயே பேசித் தீத்துக்கலாமே" என்று சொல்லிப் பார்த்தார். அண்ணன் கேட்கவில்லை. சரி, வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மேசைக்காரர்கள் எங்கள் மூவரையும் வைத்துப் பேசிவிடலாம் என்று முடிவானது.

மச்சினனை அனுப்பிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அவனுக்கு வேறு வேலை கிடையாது. அவன் அத்தான் வீட்டுப் படியை மறுபடி மிதிக்க மாட்டான். அண்ணிக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது அந்தத் தம்பி ஒருவன்தான். இதை நான் அண்ணனிடம் சொல்லியும் பார்த்தேன். "அதெல்லாம் அவன் யோசிச்சிருக்கணும்" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. தான் கைபிடித்துக் கூட்டி வந்தவன் என்பதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பலகை மேடையில் மூச்சு விடவும் பயமாக இருந்தது. மச்சினனுக்கு விஷயம் தெரிந்திருந்தது. "அத்தான், தண்ணி வேணுமா?" என்று வழக்கம்போல ஒரு தடவை கேட்டான். அண்ணன் மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நடுவில் உட்கார்ந்திருந்த நான் அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்தேன்.

முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு. நாலாம் நம்பர் மங்கல்தான். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கியூக்களைத் தட்டினார். பிரசங்கத்தின்போது பாடகர்கள் இறங்கி முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். போதகர் கடைசியாக ஒரு வார்த்தை என்றார், அதற்கப்புறம் நெடுநேரம் பேசினார், கண்ணாடியை மடக்கினார். பாடகர்கள் முடிவுப் பாட்டுக்கு மறுபடி மேடையேறினார்கள். அண்ணி ஓரத்தில் வந்து நின்றார். அதே நிழல்.

அப்போது அண்ணன் ஒரு காரியம் செய்தார். அந்த மேசையில் ஒரு வசதி உண்டு. ஏதாவது ஒரு விளக்கை மட்டும் ஒரு அளவில் நிறுத்திப் பூட்டி வைக்கலாம். வண்டியை ஓரங்கட்டுகிற மாதிரிதான், அதற்குப் பெயரும் 'பார்க்' தான். பூட்டிவிட்டால் எந்தக் கியூ வந்தாலும் போனாலும் அந்த விளக்கு அசையாது. மேலே ஏணியில் நின்று வேலை பார்க்கும்போது வெளிச்சம் போய்விடக் கூடாது என்பதற்கான வசதி அது. ஆராதனை நேரத்தில் அதை யாரும் தொட மாட்டார்கள். அண்ணன் நாலாம் நம்பரை நூறுக்கு ஏற்றினார். நூறு! பூட்டியும் விட்டார்.

"இப்ப எவன் கை வைக்கிறான்னு பாக்கலாம்" என்றார், என்னைப் பார்த்துச் சொல்கிற மாதிரி அவனுக்கு.

பாட்டு முடிந்தது. போதகர் கையை உயர்த்தினார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். முடிவு ஜெபத்துக்கென்று அண்ணன் ஒரு கியூ வைத்திருக்கிறார். மேடை முழுவதும் மெல்ல மெல்ல அணைந்து, போதகரின் குரல் மட்டும் இருட்டில் கேட்கும். சபையாருக்கு மிகவும் பிடித்த நேரம் அது. எங்கள் மூவருக்கும் மட்டும் எந்த ஜெபத்திலும் கண்ணை மூட உரிமை கிடையாது. அண்ணன் அந்தக் கியூவைத் தட்டினார்.

எல்லா விளக்கும் இறங்கின. நாலாம் நம்பர் இறங்கவில்லை. தன் மேசையில் யாரும் கை வைக்கக் கூடாது என்று போட்ட பூட்டு அவருடைய கியூவுக்கும் சேர்த்துத்தான் என்பது அந்தக் கோபத்தில் அவருக்குத் தோன்றவில்லை. அவர் அனுபவத்துக்கு இது பச்சைப் பிள்ளைத்தனமான தப்பு. மற்ற விளக்குகளோடு சேர்ந்து எரிந்தபோது மங்கலாகத் தெரிந்த அந்த வெளிச்சம், சுற்றிலும் இருட்டாகிவிட்டதும் போதுமானதாக இருந்தது. மண்டபத்திலேயே ஒருவர் மேல்தான் வெளிச்சம். ஓரத்தில் கண்மூடி நிற்கிற அண்ணி.

இருட்டாகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். பாட்டு முழுவதும் இறுகக் கோத்துப் பிடித்திருந்த கைகளை விட்டுவிட்டார். இடது கை தானாக ஆடியது. குளிரில் நடுங்குகிற மாதிரி இல்லை. யாரோ அதைப் பிடித்து விடாமல் ஆட்டிக்கொண்டிருக்கிற மாதிரி, ஒரே சீராக, நிற்காமல் ஆடியது. விரல்கள் எதையோ உருட்டுவது போல ஒன்றோடொன்று உரசின. அங்கியின் கை முழுவதும் அதோடு சேர்ந்து அதிர்ந்தது. அண்ணியின் முகம் அமைதியாக இருந்தது. அந்தக் கைக்கு ஓய்வு கொடுத்த நிம்மதி அதில் தெரிந்தது.

"அண்ணா, நாலு எரியுது" என்று கிசுகிசுத்தேன்.

அவர் அசையவில்லை. கை பொத்தான் மேல் அப்படியே இருந்தது. பூட்டைத் திறக்க ஒரு நொடி போதும், ஆனால் அவருக்கு அது நினைவிலேயே இல்லை. மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வலது பக்கத்திலிருந்து மச்சினன் என் மேல் சாய்ந்து, "அணைங்க அத்தான். அக்கா கண்ணைத் திறக்கிறதுக்குள்ள அணைச்சிடுங்க" என்றான். அவன் குரல் உடைந்திருந்தது.

"உனக்குத் தெரியுமா?"

அண்ணன் அவன் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ வாரம் கழித்து இப்போதுதான் நேராகப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

ஆமென் என்றார் போதகர். அண்ணி கண்ணைத் திறந்தார். சுற்றிலும் இருட்டு, தன் மேல் மட்டும் வெளிச்சம். ஒரு கணம் அவருக்குப் புரியவில்லை. பிறகு இடது கையைச் சட்டென்று வலது கையால் பிடித்துக்கொண்டு, மண்டபத்தின் கடைசி வரைக்கும், எங்களை நோக்கி நேராகப் பார்த்தார். அந்த இருட்டில் நாங்கள் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்க மாட்டோம். ஆனாலும் யார் பார்க்கிறார் என்று அவருக்குத் தெரியும். சபையார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால் யாரும் ஒன்றையும் கவனிக்கவில்லை. அண்ணன் மண்டபத்தின் பொது விளக்கைப் போட்டார்.

ஆட்கள் கலைந்ததும் போதகர் எங்களிடம் வந்தார். "வாங்க, என் அறையில உக்காந்து பேசிடலாம்" என்றார்.

"இன்னைக்கு வேண்டாம் பாஸ்டர்."

"நீங்கதானே இன்னைக்கே பேசணும்னீங்க?"

"நான்தான். வேண்டாம்னு சொல்றதும் நான்தான். இவன் மேல ஒரு தப்பும் இல்ல. நான் சொன்னதை எல்லாம் மறந்துடுங்க." முட்டியைப் பிடித்தபடி பலகைப் படியில் இறங்கினார். வழக்கமாக மச்சினன் கை கொடுப்பான். அன்றும் கொடுத்தான். அண்ணன் பிடித்துக்கொண்டார்.

மேடையோரப் படியில் அண்ணி உட்கார்ந்திருந்தார். அங்கியைக் கழற்றி மடியில் வைத்து அதன்மேல் கைகளை வைத்திருந்தார். நான் பின்னாலேயே போனேன். போயிருக்கக் கூடாதுதான். ஆனால் போனேன்.

"எப்பலேர்ந்து?" என்றார் அண்ணன்.

"கொஞ்ச நாளா."

"டாக்டர்கிட்ட போனியா?"

"தம்பி கூட்டிட்டுப் போனான். நரம்புல வர்ற வியாதியாம். மாத்திரை குடுத்திருக்காங்க. போகப் போகக் கூடுமாம்."

"இன்னும் யாருக்கெல்லாம் தெரியும்? பாடுறவங்களுக்குத் தெரியுமா? உன் தம்பிகிட்ட முதல்ல சொன்னியா, அவனே கண்டுபிடிச்சானா? நாலாம் நம்பர்ல என்ன பண்ணினான்?"

"பாத்தீங்களா, விசாரணை ஆரம்பிச்சாச்சு" என்று அண்ணி சிரித்தார். "பக்கத்துல நிக்கிறவங்களுக்கு எல்லாம் தெரியும். மறைக்கவா முடியும்? நான்தான் தம்பிகிட்ட கேட்டேன், என் மேல விழற வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் குறைடான்னு. விளக்கு முன்னாடி ஏதோ மங்கல் தாள் சொருகி வச்சான். உங்க மேசையை அவன் தொடவே இல்ல. அவனை ஒண்ணும் சொல்லாதீங்க."

அண்ணன் அவர் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார். அந்தக் கையைப் பார்த்தார். மடியில் அங்கிக்கு மேலே அது ஆடிக்கொண்டே இருந்தது. அதைப் பிடிக்கப் போனார். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் பாதியில் நிறுத்தினார்.

"வீட்டுல எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?" என்றார். இதை விசாரணையாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். "ஒரே வீட்டுல இருக்கோம். ஒருநாள்கூட நான் பாக்கலையே. நீ எப்படி மறைச்ச?"

"வீட்டுல நான் மறைக்கவே இல்லீங்க" என்றார் அண்ணி. "உங்களுக்கு எதிர்லதான் சோறு போட்டேன், டம்ளர் ஆடி ஆடித்தான் தண்ணி வச்சேன். வீட்டுல நீங்க என்னைப் பாக்கிறதில்லையே. இங்க நிக்கும்போது மட்டும்தான் பாக்கிறீங்க. அதனால இங்க மட்டும் மறைச்சா போதும்னு இருந்துச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. கடைக்குப் போகும் வழியைச் சொல்வது போலச் சொன்னார். நான் திரும்பிப் போய்விடலாம் என்று பார்த்தேன்.

அதற்குள் மச்சினன் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தான். நாலாம் நம்பருக்குக் கீழே நிறுத்திவிட்டு, "அந்தத் தாளை எடுத்துடட்டுமா அத்தான்?" என்று கேட்டான்.

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். "நீ சொல்லு" என்றார்.

"எடுத்துடுடா" என்றார் அண்ணி. "இவர் ஒருத்தருக்குத் தெரியக் கூடாதுன்னுதானே வச்சது."

மச்சினன் ஏறினான். அண்ணன் எழுந்து போய் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.